பொன்னாடையும் புட்வால்வும்

சென்னியப்பனுக்கு மனசு சரியில்லை என்றால் தன் பம்புசெட் கடையில் பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இல்லையென்றால் கண்டக்டர் சாமியைப் பார்க்கப் போவார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் பிரிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

சாமியின் மடம் தாராபுரத்துக்கு வெளியே, அமராவதிக் கரையில் இருந்தது. மடம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு சமையல் கொட்டகை, ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. சாமி முன்பு அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் பழனி பஸ் ஸ்டாண்டில் தோல்பையை ஒப்படைத்துவிட்டு இறங்கி நடந்தவர்தான், திரும்ப ஏறவில்லை. ஆனால் பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. கூட்டம் சேர்ந்தால், "உள்ளே போங்க, உள்ளே போங்க, எடமிருக்குது" என்பார். அதைத் தத்துவம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சாமிக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் இவர்தான் சீடர், அவர்தான் குரு. சாமி சீடரைத் 'தலைவரே' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று சென்னியப்பன் பிரித்துப் பார்த்ததில்லை. மோட்டாரைத்தான் பிரித்துப் பார்ப்பார்.

தலைவர் என்றது வெறும் பேச்சுக்கு இல்லை. அன்புக்கரம் சேவைச் சங்கத்துக்கு அந்த வருஷம் அவர்தான் தலைவர். அவருடைய அப்பா ஆரம்பித்த சங்கம் அது. கூட்ட ஹாலில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்ட, யாரையும் நம்பாத முகம். அதற்கு நேர் கீழேதான் தலைவருடைய நாற்காலி.

அந்தச் சங்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து. பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். புதியவர்கள் வந்தார்கள், வந்த வேகத்திலேயே காணாமல் போனார்கள். ஆனி மாதத்துக்குள் ஆள் சேரவில்லை என்றால் சங்கத்தின் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா திறந்ததைத் தான் இழுத்து மூடுவதா என்று நினைத்தால் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் புதியவர்களுக்கு அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. சேர்ந்த அன்றைக்கே பொன்னாடை, சட்டையில் பேட்ஜ், முன் வரிசையில் நாற்காலி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி கையில் மைக். கடைசியில் பிரியாணி. அடுத்த கூட்டத்திலும் அதே முன் வரிசை. மூன்றாவது கூட்டத்தில் அந்த நாற்காலியில் யாராவது ஒருவருடைய ஹெல்மெட் இருக்கும்.

புதியவர்களையும் சேர்த்துக்கொண்டு பெரிதாக ஒரு தர்மம் செய்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்று செயலாளர் நல்லமுத்து யோசனை சொன்னார். பழையவர்கள், புதியவர்கள் எல்லோருமாகப் போட்டு ஒரு பிரீசர் பெட்டி வாங்கினார்கள். சாவு வீட்டில் உடலை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. வசதி இல்லாத வீடுகளுக்கு இலவசம். நல்ல காரியம்தான், அதில் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

தொடக்க விழாவில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு கையை அதன்மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அது சங்கத்து வழக்கம். கொடுக்கிற பொருள் தையல் மெஷினாக இருந்தாலும் சரி, தண்ணீர்க் குடமாக இருந்தாலும் சரி, அத்தனை கையும் அதைத் தொட்டிருக்க வேண்டும். பழையவர்களின் கை எல்லாம் பெட்டியில் பட்டுவிட்டது. புதிதாகச் சேர்ந்த டெம்போ சாதிக்குக்குக் கை எட்டவில்லை. முன்னால் நின்றவர் தோளில் வைத்துக்கொண்டார். மருந்துக்கடை கவுசல்யா படத்தில் பாதிதான் வந்தார்.

பெட்டியின் பக்கவாட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கைகூப்பிச் சிரிக்கிற படம், பளபளவென்று பெரிய ஸ்டிக்கராக. அதுவும் வழக்கம்தான். தையல் மெஷினில் ஒட்டும்போது யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை. பிரீசர் பெட்டியில் ஒட்டும்போதாவது தோன்றியிருக்க வேண்டும்.

முதன்முதலில் பெட்டி போனது உழவர் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு. வெளியூரிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய ஒரு அத்தை, கண்ணாடிக்குள் பார்ப்பதற்கு முன்னால் பக்கவாட்டைப் பார்த்துவிட்டார். "சிரிச்ச மொகமாவே போயிட்டியே ராசா" என்று சென்னியப்பனின் படத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகையைப் பார்த்து இன்னொருவர் அந்தப் படத்துக்கு ஒரு மாலையும் போட்டார். சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து பம்பு ஏஜென்ட் துக்கம் விசாரிக்கப் போன் செய்தார். சென்னியப்பனே எடுத்து, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றார். மறுமுனையில் ஏஜென்ட், "அப்ப நாளைக்குக் கடை உண்டுங்களா?" என்று கேட்டார்.

மனைவி தெய்வாத்தாள் அந்தப் படத்தை முதலில் கிழித்துப் போடச் சொன்னார்.

"என் படத்தை எடுத்தா நல்லமுத்து படத்தையும் எடுக்கோணும். அவரு சங்கடப்படுவாரு" என்றார் சென்னியப்பன். படம் அப்படியே இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் புதியவர்கள் ஒருவர்கூட வரவில்லை. முன் வரிசை முழுக்க ஹெல்மெட்.

இதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குப் போனார். பல வருஷமாக மடத்துக்கு வருகிறவர்தான். ஆனால் சாயங்காலமாக வருவார், சந்தேகம் கேட்பார், விபூதி வாங்கிக்கொண்டு போய்விடுவார். காலை நேரத்தில் சமையல் கொட்டகைப் பக்கம் வந்தது அன்றுதான்.

சாமி தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, புதுசா வர்றவங்க எதுக்குங்க மறுபடி வரமாட்டேங்கறாங்க? நான் என்ன குறை வெச்சேன்?"

சாமி நறுக்குவதை நிறுத்தவில்லை. "இன்னைக்கு உங்களுக்கு வேலை ஏதாவது இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்களா?"

"சாமி சொன்னா இருக்கறனுங்க."

சாமி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாராத்தக்கா, அந்தச் செவப்பு நாற்காலியைக் கொண்டாங்க. புதுசா ஒருத்தரு வந்திருக்கறாரு."

மாராத்தக்காதான் அங்கே சமையலுக்குத் தலைமை. அடுப்பில் இருந்த கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வேப்பமரத்தடியில் போட்டார். சாமி உள்ளே போய் ஒரு பொன்னாடையோடு வந்தார். யாரோ எப்போதோ சாமிக்குப் போர்த்தியது. அதைச் சென்னியப்பனுக்குப் போர்த்தி, தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கைவேலையை நிறுத்துங்க. தலைவரு ரெண்டு வார்த்தை பேசுவாரு."

காய் நறுக்கியவர்கள், அரிசி களைந்தவர்கள், விறகு பிளந்தவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். சென்னியப்பன் எழுந்து, மடத்தின் பணி மகத்தானது என்றார், இதில் தானும் ஒரு அங்கமாக இருப்பது பெருமை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சென்னியப்பனும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆற்றுக் காற்று, வேப்பமர நிழல். டீ வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டீ வந்தது.

எதிரே ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அப்படியும் காதில் விழவில்லை.

எழுந்து போய் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் குனிந்தார். மாராத்தக்கா ஓடி வந்தார்.

"ஐயோ, நீங்க எதுக்குங்க? போய் உக்காருங்க."

"சும்மாதானுங்க இருக்கறேன். கொஞ்சம் உரிச்சா என்ன?"

"சாமி என்னைய வையும். நீங்க வந்ததே எங்களுக்குப் போதுமுங்க."

போய் உட்கார்ந்தார். வந்ததே போதும் என்பதைத் தானும் ஆயிரம் மேடையில் சொல்லியிருக்கிறோமே என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. மூன்றாவது டீ வந்ததும் அது மறந்துபோயிற்று.

சாம்பார் கொதிக்கிற நேரத்தில் சாமியே வந்து அவரை அடுப்பங்கரைக்கு அழைத்துப் போனார். அப்பாடா என்று போனார் சென்னியப்பன். பெரிய கரண்டியை அவர் கையில் கொடுத்தார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "இங்க பாருங்க, சிரிங்க" என்றார். படம் எடுத்து முடித்ததும் கரண்டியை வாங்கிக்கொண்டு, மறுபடி நாற்காலியில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சாம்பாரை அவர் ஒரு சுற்றுக்கூடக் கிண்டவில்லை.

அப்போதுதான் கிணற்றடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. வெறும் காற்றை இழுத்துக்கொண்டு கர்ரென்று கத்துகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் தாங்காது. சென்னியப்பனுக்கு அந்தச் சத்தம் பிள்ளை அழுகிற மாதிரி. தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவார். பொன்னாடையோடு எழுந்து நின்றார்.

"சாமி, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க. குழாய் அடியில இருக்கற புட்வால்வு போயிருச்சுங்க. குழாய்ல தண்ணி நிக்கறதில்லை, கீழயே எறங்கிருது."

"அப்படிங்களா?" என்றார் சாமி.

"கழட்டி மாத்துனா ஒரு மணி நேர வேலைங்க. நானே எறங்கிப் பாக்கறனே."

"நீங்க உக்காருங்க தலைவரே. அதுக்கு ஆளிருக்குது."

"எந்த ஆளுங்க? எனக்குத் தெரியாம இந்த ஊருல பம்பு பாக்கற ஆளு யாரு?"

"வருவாருங்க. நீங்க உக்காருங்க."

மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள். ராட்டினத்தில் கயிறு போட்டு இறைத்துச் சுமந்தார்கள். சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தொழிலைத் தன் கண்ணுக்கு முன்னால் யாரோ தூக்கிக் குப்பையில் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு. உட்கார்ந்தே களைத்துப்போனார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் மரத்தடியிலேயே தனி ஸ்டூல் போட்டு, தனி இலை போட்டு, முதலில் அவருக்கே பரிமாறி, இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் இறங்கவில்லை.

இலையை மடித்தார். பொன்னாடையை நான்காக மடித்து நாற்காலியில் வைத்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார். சாமி பின்னாலேயே வந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கறேன்னீங்க."

"வேலை இருக்குதுங்க."

"சரிங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வந்துருங்க தலைவரே."

சென்னியப்பனுக்குச் சுரீரென்று வந்தது. "எதுக்குங்க வரோணும்? நான் வந்துதான் இங்க என்ன ஆகப்போகுது?"

சாமி கேட்டைத் திறந்துவிட்டார்.

"அதைத்தானுங்க நீங்க காலைல வந்து கேட்டீங்க."

சென்னியப்பன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலேயே கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனார். தள்ளிக்கொண்டு வருகிறோம் என்பதே பாலம் வந்த பிறகுதான் நினைவு வந்தது.

மறுநாள் காலையில் கவுசல்யாவின் மருந்துக்கடைக்குப் போனார். சாதிக்கையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தார். இருவரும் ராஜினாமாக் கடிதம் கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சமாதானம் தயாராக வைத்திருந்தார்கள். அவர் பெட்டி இருக்கிற ஷெட்டின் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இனிப் பொட்டி உங்க பொறுப்பு. நீங்க புதுசாச் சேந்தவங்க எல்லாரும் சேந்து என்ன பண்ணறீங்களோ பண்ணுங்க."

"என்னண்ணா பண்ணோணும்?" என்று கேட்டார் கவுசல்யா.

"எனக்குத் தெரியலீங்கம்மா."

தலைவராக இருக்கும் ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் கவுசல்யா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "ஒடம்பு நல்லாருக்குதுங்களாண்ணா?"

முதல் வேலையாகப் புதியவர்கள் செய்தது அந்த ஸ்டிக்கரை உரித்தது. சென்னியப்பனும் கூட நின்றார். கவுசல்யா கடையிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து, தலைவரின் மீசையிலிருந்து ஆரம்பித்தார். பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நல்ல பசை, லேசில் விடவில்லை. தலைவர் போய்விட்டார், பொருளாளர் போய்விட்டார், நல்லமுத்துவின் இடது காது மட்டும் கடைசிவரை வரவில்லை. அது இன்றைக்கும் பெட்டியில் இருக்கிறது.

நல்லமுத்து அன்றிரவே போன் செய்தார். "சங்கத்துல நமக்கு இனி என்னதான் மரியாதை?"

"காது இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

சாவியைக் கொடுத்துவிட்டாரே தவிர, கை சும்மா இருக்கவில்லை. பெட்டி எங்கே, யார் வண்டி, துடைத்தீர்களா, பிளக் எடுத்துக்கொண்டீர்களா என்று சாதிக்குக்குப் போன்மேல் போன். ஒருநாள் சாதிக் பொறுக்க முடியாமல் சொன்னார். "அண்ணா, இப்படிப் போன்ல ஓட்டறதுக்கு நீங்களும் டெம்போவுல ஏறிக்குங்க. எடமிருக்குது."

ஏறிக்கொண்டார்.

அன்றைக்குப் பெட்டி போனது பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்துக்கு. தறி ஓட்டின பெரியவர் ஒருவர் இறந்திருந்தார். சந்தின் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. சாய்த்துத் தூக்க வேண்டும் என்றார் சாதிக். சாய்த்தால் கம்ப்ரசர் போய்விடும், எதிர்வீட்டு வாசல் வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்றார் கவுசல்யா. மற்ற புதியவர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீடு என்பதால் அத்தனை சண்டையையும் கிசுகிசு என்று குரலைத் தாழ்த்திப் போட்டார்கள். உதடு மட்டும் துடித்தது, சத்தமே இல்லை. சந்தில் நின்றவர்கள் இவர்கள் ஏதோ ஜபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சென்னியப்பன் முன்னால் போனார். "நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அண்ணா, நீங்க அக்கட்ட நில்லுங்க" என்று கவுசல்யாவும் சாதிக்கும் ஒரே குரலில் கிசுகிசுத்தார்கள். அதுவரை எதிரெதிராக நின்றவர்கள் அதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள்.

அக்கட்டவே, ஓரமாக நின்றார். கையில் யாரோ ஒயர்ச் சுருளைத் திணித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் எதிர்வீட்டு வாசல் வழியாகப் பெட்டி உள்ளே போயிற்று. மறுநாள் பெரியவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, வெறிச்சென்றிருந்த கூடத்தில் சென்னியப்பன் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பெரியவரின் மனைவி. ரொம்ப நேரம் அவர் ஒயர் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்டார்.

"நீங்க பொட்டிக்காரருங்களா?"

தலைவர் என்று சொல்லத்தான் வாய் போயிற்று. "ஆமாங்க" என்றார்.

"பொட்டி இல்லாட்டி எம்பையன் வர்றவரைக்கும் வெச்சிருந்திருக்க முடியாதுங்க. மொகத்தைப் பாத்துட்டான்."

சென்னியப்பன் எத்தனையோ மேடையில் எத்தனையோ மாலை வாங்கியிருக்கிறார். ஒன்றுகூட இப்படி மனசில் வந்து பட்டதில்லை. ஒயரைச் சுற்றி முடித்து, முனையைச் செருகி, எழுந்து வந்தார்.

ஆனி மாதம் பிறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி மடத்துக்குப் போனார். சாமி இந்தத் தடவை சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சிவப்பு நாற்காலி கொட்டகை ஓரமாக இருந்தது. அதன்மேல் தேங்காய் மூட்டை.

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்தார்.

"சங்கம் என்னாச்சுங்க தலைவரே?"

"நிக்குதுங்க சாமி. சேரறதுக்கு ஆளு தானா வர்றாங்க. பொட்டி போன வீட்டுல இருந்தே வர்றாங்க. அந்தத் தறிக்காரரு மகன் போன வாரம் வந்தான். பொன்னாடையை எடுத்தேன். அது வேண்டாமுங்க, டெம்போவுல எடமிருக்குதான்னு கேக்கறான்."

"நல்லதுதானுங்களே."

"என்ன நல்லதுங்க? எந்நேரமும் சண்டை. பொட்டியைப் படுக்க வெச்சுத் தொடைக்கறதா நிறுத்தி வெச்சுத் தொடைக்கறதான்னு ரெண்டு கூட்டம் நடந்திருக்குது. எங்க பொட்டி, எங்க பொட்டிங்கறாங்க. நான் ஒண்ணு சொன்னாக் காதுல வாங்கறதில்லை. எங்கப்பா ஆரம்பிச்ச சங்கத்துல என்னைய ஒயர் சுத்தற வேலையில வெச்சுட்டாங்க."

சாமி கத்தியைக் கீழே வைத்தார். "சுத்துனீங்களா?"

"சுத்துனனுங்க."

"அடுத்த தடவை?"

"நான்தான் போகோணும். நல்லமுத்துகிட்ட ஒருக்கா குடுத்தேன், சிக்குப் போட்டு வெச்சுட்டாரு. முழங்கையில போட்டுச் சுத்தோணும் சாமி, எட்டு மாதிரி. அப்பத்தான் நாளைக்கு உதறுனா நேரா வரும்." சொல்லும்போதே கைகள் காற்றில் எட்டுப் போட்டன.

சாமி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். கர்ரென்று அதே சத்தம். சென்னியப்பன் அடித்துப் பிடித்து எழுந்தார்.

"சாமி, இது இன்னுமா இப்படியே கெடக்குது? அன்னைக்கே சொன்னனுங்களே. அதுக்கு ஆளிருக்குதுன்னீங்க. அந்த ஆளு வரவே இல்லீங்களா?"

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாராத்தக்கா அந்த வழியாக வந்தார். குடத்தைப் பொத்தென்று இறக்கி வைத்தார்.

"நல்லாக் கேளுங்க. நானும் வாராவாரம் கேக்கறேன். வருவாரு, வருவாருங்கறாரு. சாமிக்கென்ன, செமக்கறது நாங்கதான. இடுப்பே ஒடிஞ்சுபோச்சு."

சாமி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் பைப் ரெஞ்ச் இருந்தது, இன்னொரு கையில் புது புட்வால்வு, கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல். இரண்டையும் சென்னியப்பன் கையில் வைத்தார். வைத்துவிட்டு மாராத்தக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. இப்பத்தான் வந்திருக்கறாரு."